வேலாயுதத்தின் வாய்ப்பூட்டு

மகள் விஷயத்தில் இனி வாயையே திறப்பதில்லை என்று வேலாயுதம் முடிவு கட்டினார். வேறு யாராவது இப்படி முடிவு கட்டியிருந்தால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். இவர் வேலாயுதம். ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. வாயில் பற்பொடி நுரைத்துக்கொண்டிருக்கும்போதும் பேசுகிறவர். தூக்கத்தில் பேசி, தான் பேசிய சத்தத்தில் தானே விழித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பேசுகிறவர்.

அதிலும் தமிழர் சங்கத்து மேடை என்றால் மனிதரைப் பிடிக்க முடியாது. பெண் கல்வி அவருடைய சொந்தத் தலைப்பு. வேறொருவர் அதைத் தொட்டால் சண்டைக்குப் போவார். மேசையைக் குத்துவார். துண்டை உதறுவார். "பெண்ணைப் படிக்க வைக்காத வீடு வீடா? மாட்டுத் தொழுவம்!" என்று கர்ஜிப்பார். கைதட்டல் ரயில்வே பாலம் வரை கேட்கும்.

இத்தனையும் ஊரார் வீட்டுப் பெண்களுக்கு. சொந்த மகள் ரமணி சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறி, மேலே படிக்கவேண்டும் என்று சொன்னதும் மேசை, துண்டு, தொழுவம் எல்லாம் அவருக்கு ஒரே நிமிஷத்தில் மறந்துபோயின. இப்படிப்பட்ட ஆண்களை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. எரிந்து என்ன ஆகப்போகிறது? நடந்ததைச் சொல்கிறேன்.

ரமணிக்குப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர் மிஸ் மார்க்கிரட். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, வளையாத முதுகு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் நேராக வேலாயுதத்தின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மிஸ்டர் வேலாயுதம், உங்கட மகள் கெட்டிக்காரி. லண்டன் சர்வகலாசாலையில பிரெஞ்சும் ஜெர்மனும் படிக்க விண்ணப்பம் போடுறம். செலவு மிஷன் பாக்கும். தங்கிறதுக்கு என்ர அக்கா வீடு இருக்கு, அவ அங்க நர்ஸ். எல்லாம் ஆயத்தம்."

"ரொம்ப சந்தோஷம் டீச்சர். காப்பி சாப்பிடுங்க."

"தகப்பனுக்குச் சம்மதம் எண்டு நான் எழுதவேணும். அதை உங்கட வாயால கேட்டால்தான் எழுதுவன். நான் பொய் எழுத மாட்டன்."

"காப்பி ஆறுது டீச்சர்."

"ஓமோ, இல்லையோ?"

வேலாயுதம் சிரித்தார். பல் தெரிந்தது, பதில் தெரியவில்லை. 'இல்லை' என்று சொன்னால் மறுநாள் சங்கத்தில் தலைகாட்ட முடியாது. 'ஆமாம்' என்று சொன்னால் கிள்ளானில் தலைகாட்ட முடியாது. அங்கே இருக்கிற அக்காவிடம், ரமணியை உன் மகன் ரெங்கசாமிக்குப் பங்குனியில் கட்டிவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். பெண்ணைக் கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவளையும் கேட்கவில்லை.

மிஸ் மார்க்கிரட் காப்பியைத் தொடாமல் எழுந்தார். "தைப்பூசத்தண்டு பின்னேரம் சீமைத் தபால் போகுது. அதை விட்டால் இந்த வருசம் இல்லை. அதுக்குள்ள எனக்கு ஒரு சொல் வேணும்" என்றார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தெருச் சடக்கைத் தாண்டுவதற்குள் வீட்டுக்குள் ஆரம்பித்துவிட்டது.

"டீச்சர் ஒரு பதில் கேட்டாங்க. சொல்லக்கூடாதா?" என்றாள் மனைவி சீதாலெட்சுமி.

"பிரெஞ்சு! பிரெஞ்சு படிச்சு யார்கூடடி பேசப்போறா? இந்த பிரிக்பீல்ட்ஸ்ல எந்தப் பிரெஞ்சுக்காரன் குடியிருக்கான்?"

"இந்தத் தெருவுல வெள்ளைக்காரன்கூடத்தான் எவனும் இல்ல. நீங்க இங்கிலீஷ் படிக்கலையா?"

"அது உத்தியோகத்துக்கு!"

"இவளுக்கும் உத்தியோகம் கெடைக்கும். டீச்சர் வேலை."

"சரி, பிரெஞ்ச விடு. ஜெர்மன் எதுக்கு? அவனுங்க சண்டைக்காரப் பயலுங்க. வாயைத் தொறந்தாலே அடிக்க வர்ற மாதிரி இருக்கும்."

"அப்பக் கட்டாயம் படிக்கட்டும். உங்க அக்காகிட்டப் பேசறதுக்கு ஆகும்."

வேலாயுதத்துக்குத் தலைக்கு மேல் ஏறியது. அக்காவை இழுத்ததால் மட்டும் இல்லை. அக்காவை இழுத்தாள் என்றால் கிள்ளான் சமாசாரம் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது?

"என்ன, முழிக்கிறீங்க? போன வாரம் உங்க அக்கா மவன் வந்து கூடத்துல உக்காந்து முறுக்கு தின்னானே, அவனே சொல்லிட்டான். 'பங்குனிக்கப்புறம் அத்தை கையால தெனம் முறுக்கு சாப்பிடலாம்'னு. பொண்ணைக் கேக்கிறாப்பலயே இல்ல, முறுக்கைத்தான் கேக்கிறான்."

"அவன் நல்ல பையன்! ரயில்வே சாமான் கொட்டாயில வேலை!"

"நல்ல பையன்தான். சாப்பிடுவான், தூங்குவான், மறுபடி சாப்பிடுவான். உங்க அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா? கல்யாணத்துக்கப்புறம் பொஸ்தகத்தைத் தொடக்கூடாதாம். கண்ணு கெட்டுடுமாம்."

"பெரியவங்க சொன்னா அதுல ஒரு அர்த்தம் இருக்கும்!"

"மேடையில அப்படிச் சொல்லலியே நீங்க? தொழுவம்னுல்ல சொன்னீங்க? இது என்ன, நம்ம வீடு மட்டும் பங்களாவா?"

வாதத்தில் தோற்ற கணவன் என்ன செய்வானோ அதை வேலாயுதம் செய்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

போன இடத்திலும் நிம்மதி இல்லை. மிஸ் மார்க்கிரட் லேசில் விடுகிறவர் அல்ல. கோயிலுக்குப் போனால் தெருமுனையில் கறுப்புக் குடை. பாசாருக்குப் போனால் மீன்காரனுக்குப் பக்கத்தில் கறுப்புக் குடை. ஒரு நாள் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். வேலாயுதம் பார்சல் ஆபீசுக்குள் ஓடி, தைப்பிங்குக்குப் போகவேண்டிய கோழிக் கூடைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தலையில் இறகு.

"சேவலாட்டம் வந்து நிக்கிறீங்க" என்றாள் சீதாலெட்சுமி. "கூவுறதுக்குத்தான் தைரியம் இல்ல."

அன்றைக்குப் பொங்கிய கோபத்தில்தான் அந்த யோசனை வந்தது. தை பிறந்திருந்தது. பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேர் தைப்பூசத்துக்கு விரதம் இருந்தார்கள். விரதத்தில் பல தினுசு உண்டு. சிலர் மீனை விடுவார்கள். சிலர் பாயை விட்டுத் தரையில் படுப்பார்கள். சிலர் பேச்சை விடுவார்கள். பேச்சை விட்டவனிடம் எந்த டீச்சர் வந்து என்ன கேட்க முடியும்? 'இல்லை' என்று சொன்னதாகவும் ஆகாது. 'ஆமாம்' என்று சொன்னதாகவும் ஆகாது. தபால் ரயில் தைப்பூசத்தன்று தன்பாட்டில் போய்விடும். பழி முருகனுக்கு.

தன் மூளையை நினைத்து வேலாயுதத்துக்கே பெருமை தாங்கவில்லை. காலையில் பசியாறும்போது அறிவித்தார்.

"இன்னையிலேருந்து தைப்பூசம் வரைக்கும் நான் மௌன விரதம். முடிஞ்சதும் பத்துமலைக்கு ஒரு பால்குடம்."

"என்ன வேண்டுதல்?"

"அது... பொதுவா. குடும்ப நன்மைக்கு."

"ஆபீசுல?"

"ஆபீசுல பேசுவேன். துரைகிட்டப் பேசறது ஊழியம். அது பேச்சுல சேராது."

"அப்ப வீட்டுலயும் தெருவுலயும் மட்டும்தான் மௌனமா? ரொம்ப வசதியான முருகன்தான்."

வேலாயுதம் விரலை உதட்டில் வைத்தார். விரதம் ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம். சீதாலெட்சுமி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இட்டிலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த நிமிஷமே அவர் சந்தேகப்பட்டிருக்கவேண்டும். கெட்டிக்காரத்தனத்தில் மிதந்துகொண்டிருந்ததால் படவில்லை.

கோபக்காரனுக்கு மௌனத்தைவிடப் பெரிய தண்டனை கிடையாது. குழம்பில் உப்பு இல்லை, சொல்ல முடியாது. காலணியை எவனோ மாற்றிப் போட்டுக்கொண்டு போகிறான், கத்த முடியாது. கண்ணை உருட்டினார், மூக்கை விடைத்தார், கதவைச் சாத்தினார். பக்கத்து வீட்டு மாரியாயி, ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் பெண்சாதி, எட்டிப் பார்த்தாள்.

"கிராணி அண்ணனுக்கு என்ன தங்கச்சி, முகம் இப்படிச் செவந்து கெடக்கு?"

"விரதம் அக்கா. உள்ளுக்குள்ள முருகன் நெருங்கிட்டாரு."

"அப்படியா! பால்குடம் மட்டுமா எடுக்கிறாரு?"

"பால்குடம் எல்லாரும் எடுக்கிறது. இவரு காவடி."

வேலாயுதம் திடுக்கிட்டு உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தார். காவடியா? யார் சொன்னது? கையை ஆட்டினார். மாரியாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாரு, பேர் சொன்னதும் எழுந்து நிக்கிறாரு லா! என்ன பக்தி!"

இரண்டு நாள் கழித்துச் சங்கத்துக்காரர்கள் பார்க்க வந்தார்கள். சீதாலெட்சுமி காப்பி கொடுத்தாள். கூடவே ஒரு சேதியும் கொடுத்தாள். "மௌன விரதம் இருந்தா வாய்ப்பூட்டு போட்டுத்தானே முடிக்கணும்? நாக்குல வேல் குத்திக்கிட்டுத்தான் மலை ஏறுவேன்னு பிடிவாதமா இருக்காரு. நான் சொன்னா கேக்கிறாரா?"

வந்தவர்கள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். "பேருக்கு ஏத்த மனுஷன்" என்றார் ஒருவர். வேலாயுதம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசுகிறவனுடைய வேண்டுதலை அவன் குறைத்துக்கொள்ளலாம். பேசாதவனுடைய வேண்டுதலை ஊரெல்லாம் சேர்ந்து கூட்டிக்கொண்டே போகும். பால்குடத்தில் ஆரம்பித்தது நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. இப்போது வாயைத் திறந்து மறுத்தால் மௌனமும் போச்சு, மானமும் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டார். தைப்பூசத்தன்று சாயங்காலம் தபால் ரயில் புறப்பட்டுவிடும், அதுவரை தாங்கினால் போதும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

ரமணி மட்டும் அவரைத் தொந்தரவு செய்யாமல் இருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் அவர் புழக்கடையில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அப்பா, நீங்க பேசமாட்டீங்க. அதனால நான் பேசறேன்."

அவர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப சங்கத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்க. முதல் வரிசையில உக்காத்தி வெப்பீங்க. நீங்க மேசையைக் குத்துவீங்க. எல்லாரும் கை தட்டுவாங்க. நானும் தட்டுவேன். நீங்க என்னைப் பத்தித்தான் பேசறீங்கன்னு நெனச்சேன். வேற யாரைப் பத்திப்பா பேசினீங்க?"

வேலாயுதம் மறு காலைக் கழுவ ஆரம்பித்தார்.

"எனக்கு உங்க மேல கோபம்பா. அம்மாவுக்கு வர்ற மாதிரி கோபம் இல்ல. ரொம்ப நாளா நம்பினவளுக்கு வர்ற கோபம். ரெங்கசாமி அத்தானைக் கட்டிக்கிட்டா நான் செத்துப்போயிட மாட்டேன். ஆனா உங்க கூட்டத்துக்கு இனிமே வரமாட்டேன்."

அவள் போன பிறகும் அவர் வெகுநேரம் கால் கழுவிக்கொண்டிருந்தார். மனசுக்குள் ஏதோ குத்தியது. குத்தியது என்றால் மனிதன் திருந்தியிருக்கவேண்டும் அல்லவா? இந்த மனிதர் திருந்தவில்லை. தனக்கு எதிராகப் பெண்டாட்டி மட்டும் இல்லை, மகளும் கிளம்பிவிட்டாளா என்று இன்னும் ஒரு பங்கு கோபத்தைச் சேர்த்துக்கொண்டார். ஒரே ஒரு வார்த்தை, பெண்ணுடைய வாழ்வு முழுவதும் அதிலே நிற்கிறது, அதைக் கொடுக்க மனம் வரவில்லை. இவரை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தைப்பூசம் வந்தது. கோலாலம்பூரிலிருந்து பத்துமலைக்கு விசேஷ ரயில் விட்டிருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸே அதில் ஏறிவிட்டது. மாரியாயி வந்தாள், சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். கிள்ளான் அக்காவும் ரெங்கசாமியும் நேரே மலைக்கு வந்து சேர்ந்தார்கள். ரெங்கசாமி கையில் ஒரு பொட்டலம் கடலை. மலையடிவாரத்து ஆற்றங்கரைக் கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மரத்தடியில், கறுப்புக் குடை ஒன்று விரிந்திருந்தது.

குடையைப் பார்த்ததும் வேலாயுதம் உள்ளுக்குள் சிரித்தார். வரட்டும். என்ன கேட்டாலும் என் வாய் பூட்டு. மத்தியானம் வரை காவடி. பிறகு குகை. பிறகு கூட்ட நெரிசல். தபால் போயே போய்விடும். அந்த வாரம் முழுவதும் இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

ஆற்றில் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, மயிலிறகுக் காவடிக்கு முன்னால் நின்றார். உறுமி மேளம் முழங்கியது. பூசாரி நல்ல தாட்டியான ஆள், தொண்டையும் அப்படியே. காவடியைத் தோளில் ஏற்றுவதற்கு முன் இன்னார், இன்ன வேண்டுதலுக்காக எடுக்கிறார் என்று முருகனுக்குச் சொல்லவேண்டும். அதுதான் முறை. சொல்லாமல் எடுத்தால் எடுத்தவன் கணக்கில் சேராது.

"பேரு?" என்றார் பூசாரி.

வேலாயுதம் வாயைக் காட்டிக் கையை விரித்தார்.

"மௌனமா? வீட்டுக்காரம்மா சொல்லுங்க."

புருஷன் பேரைச் சொல்ல சீதாலெட்சுமிக்கு வெட்கம். தலையைக் குனிந்துகொண்டாள். மாரியாயிதான் முன்னால் வந்து, "வேலாயுதம் சாமி, எங்க கிராணி அண்ணன்" என்றாள்.

"வேண்டுதல் என்னம்மா?"

இதற்கு சீதாலெட்சுமிக்கு வெட்கம் வரவில்லை. தலையை நிமிர்த்தினாள். மேளத்தையும் தாண்டிக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங்க மக ரமணி சீமைக்குப் போய் சர்வகலாசாலையில பிரெஞ்சும் ஜெர்மனும் படிக்கணும் சாமி! இன்னைக்குப் போற விண்ணப்பம் நல்லபடியாப் போய்ச் சேந்து எடம் கெடைக்கணும்! அதுக்குத்தான் எங்க வீட்டுக்காரரு இத்தனை நாளா வாயைக் கட்டி, வயித்தைக் கட்டிக் காவடி எடுக்கிறாரு!"

"முருகா!" என்றது பிரிக்பீல்ட்ஸ்.

வேலாயுதத்துக்கு ஒரு கணம் காது அடைத்துப்போயிற்று. அடுத்த கணம் உடம்பெல்லாம் தீ. இல்லை என்று தலையை ஆட்டினார். பலமாக ஆட்டினார். குடுமி அவிழ்ந்தது. இரண்டு கையையும் தூக்கி வீசினார். காலைத் தரையில் ஓங்கி உதைத்தார். கண் இரண்டும் சிவந்து வெளியே வந்தன. பெண்டாட்டியைப் பார்த்துப் பல்லை நறநறவென்று கடித்தார்.

"அருள் வந்துடுச்சு!" என்று கத்தினாள் மாரியாயி. "அண்ணனுக்கு அருள் வந்துடுச்சு லா!"

"வேல் வேல்!" என்றது கூட்டம். உறுமிக்காரன் வேகத்தைக் கூட்டினான். சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் திமிறினார். திமிறத் திமிற அவர்களுக்குப் பக்தி அதிகமாயிற்று. யாரோ முகத்தில் விபூதியை வாரி அடித்தார்கள். இன்னொருவர் காலடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்.

போதும் என்று வேலாயுதம் தீர்மானித்தார். மௌனமாவது, மண்ணாங்கட்டியாவது. முருகன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். 'இது பொய்! என் மகளை நான் அனுப்பமாட்டேன்!' என்று ஊரறியக் கத்திவிடுவது. சங்கம் போகட்டும், மேடை போகட்டும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயை முழுசாகத் திறந்தார்.

பூசாரி அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் நாக்கைப் பிடித்தார். மறு கையால் வேலைக் குத்தினார். இத்தனை வருஷப் பழக்கம், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

"முருகனுக்கு!" என்றார் பூசாரி.

"அரோகரா!"

காவடி தோளில் ஏறியது. கூட்டம் அவரை முன்னால் தள்ளிக்கொண்டு போனது. மரத்தடியைத் தாண்டும்போது மிஸ் மார்க்கிரட் குடையை மடக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தார். சீதாலெட்சுமியும் ரமணியும் அவர் பக்கத்தில் இருந்தார்கள்.

"இவர் ஓம் எண்டு இன்னும் என்னட்டச் சொல்லேல்லையே" என்றார் மிஸ் மார்க்கிரட். ஆனால் குரல் பழைய மாதிரி விறைப்பாக இல்லை.

"டீச்சர், நீங்க வேற சாமி கும்பிடறவங்க. உங்களுக்கு நான் என்னன்னு சொல்ல? வாயால சொல்ற சம்மதத்தை நாளைக்கு மாத்திச் சொல்லலாம். இவரு நாக்கையே குடுத்திருக்காரு."

மிஸ் மார்க்கிரட் வேலாயுதத்தைப் பார்த்தார். வேலாயுதத்தின் கண்களில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. முழுக்க முழுக்க ஆத்திரத்தில் வந்த தண்ணீர். மிஸ் மார்க்கிரட் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டார். கைக்குட்டையை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் மனிசரைப் பிழையா நினைச்சுப்போட்டன்" என்றார். "இப்பவே போய்த் தபாலில சேர்க்கிறன். தகப்பன் மனப்பூர்வமாச் சம்மதம் எண்டு எழுதிறன்."

குடை ரயிலடியை நோக்கி விடுவிடென்று நடந்தது. வேலாயுதம் அதைத் துரத்திப் பிடிக்கப் பார்த்தார். தோளில் காவடி, முன்னால் மேளம், பின்னால் பிரிக்பீல்ட்ஸ். திரும்ப முயன்றபோது காவடியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். "ஆடுறாரு, ஆடுறாரு!" என்று மேளக்காரன் இன்னும் உற்சாகமாக அடித்தான். மரப்படிகளில் ஏறும்போது கீழே பார்த்தார். குடை ஏறிய ரயில் புகை விட்டுக்கொண்டு கோலாலம்பூருக்குப் புறப்பட்டுவிட்டது. அவர் வேலை பார்க்கிற அதே ரயில்வே. அன்றைக்கு என்று பார்த்து நேரத்துக்குக் கிளம்பியது.

குகையில் நாக்கிலிருந்து வேலை உருவி, விபூதி வைத்தார்கள். பேச்சு வந்ததும் அவர் முதலில் பிடித்தது பூசாரியை.

"சாமி, அந்த வேண்டுதல்... அதை மாத்தணும்."

பூசாரி முகம் மாறியது. "மாத்தறதா? என்ன மனுஷன்யா நீ! இத்தனை பேர் முன்னால முருகன்கிட்டக் கேட்டுட்டு, குடுக்காதேன்னு சொல்லுவியா? ஊர்ல எவனாவது செய்வானா?"

"வழியே இல்லையா?"

"ஒரு வழி இருக்கு. கேட்டது வேணாம்னு சொல்றதுக்கு அடுத்த தைப்பூசத்துக்கு இன்னொரு காவடி எடு. அந்த வாட்டி நாக்குக்கு ஒண்ணு, ரெண்டு கன்னத்துக்கும் ஒண்ணு ஒண்ணு."

வேலாயுதம் இரண்டு கன்னங்களையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு படியிறங்கினார்.

கீழே அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மறுபடி மேலே ஏறிவிடலாமா என்று தோன்றியது.

"ஏண்டா, எனக்குப் பங்குனியில கல்யாணம்னு வாக்குக் குடுத்துட்டு, முருகன்கிட்ட வேற கேக்கிறியா? எம் மவன் என்ன கேணப்பயலா? அதுவும் நாக்குல குத்திக்கிட்டு! என் வீட்டுச் சம்பந்தம் வேணாங்கிறதுக்கு இவ்வளவு வேகமா உனக்கு?"

"அக்கா, நான்... அது அப்படி இல்லக்கா..."

"பேசாதே! உனக்கும் எனக்கும் இன்னையோட தீர்ந்துச்சு. டேய் ரெங்கசாமி, வாடா!"

ரெங்கசாமி கடலைத் தோலை உதறிவிட்டு, மாமனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ரமணியைப் பார்த்து, "நல்லாப் படி புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் முகத்திலும் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை.

திரும்பும் ரயிலில் கூட்டம் நெரிந்தது. சங்கத்துக்காரர்கள் அவருக்கு ஜன்னலோரம் இடம் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த கூட்டத்தில் அவரைப் பேசச் சொல்லப்போகிறார்களாம். தலைப்பு, 'சொன்னதைச் செய்தவர்.' எதிரே ரமணி உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டின காலத்துச் சிரிப்பு அது. அவளும் நம்பிவிட்டாளா, இல்லை தாயோடு சேர்ந்த கூட்டுக்களவாணியா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் சிரிப்புக்கு முன்னால் கோபத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதும் சிரமமாக இருந்தது. இருந்தாலும் விடவில்லை. கோபத்தையெல்லாம் திரட்டி, பக்கத்தில் இருந்த பெண்டாட்டியின் பக்கம் திரும்பினார். நாக்கு வீங்கிக் கனத்தது. யாருக்கும் கேட்காதபடி சீறினார்.

"அடியே, நான் சம்மதிக்கவே இல்லடி!"

சீதாலெட்சுமி பிரசாதத்து வாழைப்பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்தாள்.

"உங்களை யாருங்க கேட்டா? முருகன்கிட்டல்ல கேட்டோம். அவரும் உங்களை மாதிரிதான், ஒரு வார்த்தை பேசல. சரி, சம்மதம்தான்னு எடுத்துக்கிட்டோம்."

வேலாயுதம் நறுக்கென்று ஒரு பதில் சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு வலித்தது. பழத்தைத் தின்றார்.